கொக்கியில் வழிந்தது குங்குமம் இல்லை

கண்ணு,

நீ வெளிநாடு கிளம்பப் போகிறாய் என்பதை எனக்கு ஒற்றை வரியில் அனுப்பியிருந்தாய். "அடுத்த மாசம் போறேனுங்க அம்மா, துறைமுகத்துல கிரேன் செக் பண்ற வேலை, விவரமெல்லாம் மாமாகிட்ட சொல்லியிருக்கேன்." பெற்றவளுக்கு ஒரு வரி, தாய்மாமனுக்கு மணிக்கணக்கில் பேச்சு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். போனை எடுத்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உன் பெயரை அழுத்தப் போனேன். அப்படி நாலு வார்த்தை கேட்டுத்தானே உன்னை வீட்டுப் பக்கமே வராமல் செய்தேன் என்று நினைப்பு வந்தது, கையை எடுத்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறிவிடும் என்று உனக்கே தெரியும். எழுதினால் ஏறாது என்று நம்பி எழுதுகிறேன். கிளம்பும் முன் ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று கேட்கத்தான் இவ்வளவும். ஆனால் சும்மா வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுகிறேன், பொறுமையாகப் படி.

நீ இந்த வேலைக்குப் போன புதிதில் நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன்! இன்ஜினியரிங் படித்தவன் இரும்பு வார்க்கும் சொந்தப் பவுண்டரியைப் பார்க்காமல், ஊர் ஊராகப் போய் யாரோ வாங்கிய கிரேனின் கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன். முதல் லீவுக்கு வந்தபோது நம் வீட்டு ஊஞ்சலை நிறுத்தச் சொல்லி, ஏணி போட்டு ஏறி, மேலே இருந்த கொக்கியை டார்ச் அடித்துப் பார்த்தாய். தேய்ந்துபோயிருக்கிறது, மாற்றும்வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது என்றாய். ஆர்.எஸ்.புரத்து அத்தை அன்றைக்குப் பார்த்தா வந்து நிற்க வேண்டும்! "ஏன் கண்ணு, நான் உட்காந்தா அந்துருமா?" என்று அவர் கேட்க, "யார் உட்காந்தாலும் அந்துருமுங்க அத்தை" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கழற்றிய கொக்கியை நீ என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாய். நான் பார்க்கவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். உன் வேலையை ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த ஆயுத பூஜையன்று அப்படிப் பேசியிருக்க மாட்டேனோ என்னவோ.

நம் பவுண்டரியில் அந்தக் கிரேன் எனக்கு என்ன என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு அது செல்லம் என்று மட்டும் உனக்குத் தெரியும். பொள்ளாச்சி ரோட்டில் ஷெட் போட்ட காலத்தில் நம்மிடம் இருந்ததெல்லாம் மூடிப்போன மில்களில் ஏலம் எடுத்த இயந்திரங்கள். உன் அப்பா புதிதாக, முதல் கையாக வாங்கியது அந்தக் கிரேன் ஒன்றுதான். அதற்கு முன்பு இரும்பு ஊற்ற மண் அடித்த மோல்டிங் பெட்டிகளை ஆட்கள் கடப்பாறை போட்டு நெம்பித்தான் நகர்த்துவார்கள். கிரேன் வந்த பிறகு ஒருவர் பட்டனை அழுத்தினால் போதும் என்றானது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கொக்கியைக் கீழே இறக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உன் அப்பா தன் கையால் சில்வர் பெயிண்ட் ஒரு கோட் அடிப்பார். அது காய்ந்ததும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்.

அவர் காலமான வருஷம் பூஜைத் தட்டை நான் கையில் எடுத்தேன். அத்தை எல்லோர் முன்பாகவும், "நீ எதுக்கு அம்மணி? உன் தம்பி சம்சாரம் இருக்கறாளல்ல, அவ வெக்கட்டும்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த முறை அது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கம்பெனியை நடத்துவது நான், சம்பளத்துக்கு அலைவது நான், பொட்டு வைக்க மட்டும் ஆகாதவளா? நான் வாய் திறக்கும் முன் உன் மாமா தட்டை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா ஓட்டற கம்பெனிங்க. அக்காதான் வெப்பாங்க" என்று சொல்லிவிட்டான். கொக்கியில் நானே வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நான்தான். நெற்றியில் வைப்பதை விட்டுவிட்டேன், அந்தக் கொக்கியில் வைப்பதை விடவில்லை. அந்தப் பொட்டு நான் சண்டை போட்டு வாங்கியது கண்ணு. இதை எல்லாம் சொல்வது என் தப்பைச் சின்னதாக்க அல்ல. நீ அன்று என்னவென்று தெரியாமல் எதைத் தொட்டுவிட்டாய் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

போன ஆயுத பூஜையன்று காலையில் கொக்கியை இறக்கி வைத்திருந்தார்கள். அத்தையும் இன்னும் நாலு சொந்தக்காரர்களும் நம்மிடம் வார்ப்பு வாங்கும் பம்பு கம்பெனிக்காரர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்ட் டப்பாவைத் திறந்த பட்டறை ஆளின் கையை நீ பிடித்து நிறுத்தினாய். கொக்கியின் உள்வளைவில், சங்கிலி உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, பழைய சில்வர் பெயிண்ட்டின் மேல் செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. "போன வருசத்துக் குங்குமமுங்க தம்பி, துடைச்சா போயிரும்" என்றார் அவர். நீ விரலால் தேய்த்துப் பார்த்தாய். என்னைப் பார்த்து, "இது குங்குமம் இல்லீங்க அம்மா. துரு. உள்ளிருந்து வருது. பெயிண்ட் அடிக்காதீங்க. சுரண்டிப் பாத்துப்போட்டு அப்பறம் பூஜை பண்ணலாமுங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய், இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. அன்று என் காதில் அப்படி விழவில்லை. அத்தை வேறு நாற்காலியில் இருந்தபடியே, "என்ன கண்ணு, பொட்டு வெச்சதுல ஏதாச்சும் கொறையா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

நான் கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். "நான் வெச்ச குங்குமம்டா அது! உனக்குத் துருவாத் தெரியுதா? இந்தக் கிரேன் தூக்குன இரும்புலதான்டா நீ தின்ன சோறு. பெரிய ஆபீசர் ஆயிட்டா பெத்தவ வெச்ச பொட்டையும் சுரண்டிப் பாப்பியா?" மாமாகூட, "உடுங்க மாப்பிள்ளை, நல்ல நாளு அதுவுமா" என்று என் பக்கம்தான் பேசினான். நீ கையைத் துடைத்துக்கொண்டு, "பெயிண்ட்டுக்கு மேல பாத்து நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க அம்மா" என்றாய். "உன் கையெழுத்த யாரு கேட்டா?" என்றேன். வாசல்வரைக்கும் போய், மாமாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாய். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ பொரிகூட ஒரு கை வாங்கவில்லை.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்று காலையில் உன் மாமாவிடம் சொன்னதைத் தவிர. நான் பொட்டு வைப்பது கொக்கியின் முதுகில், வெளிப்பக்கம். மூன்று விரலால் சந்தனம், நடுவில் குங்குமம். எத்தனை வருஷம் வைத்தேனோ அத்தனை வருஷமும் அதே இடம். உள்வளைவில் ஒரு வருஷமும் வைத்ததில்லை. சங்கிலி உரசும் இடத்தில் யாராவது பொட்டு வைப்பார்களா? ஷெட்டில் இருந்த மற்றவர்கள் அதைக் குங்குமம் என்று நினைத்தால் மன்னிக்கலாம். வைத்த கை என்னுடையது. "நான் வெச்ச குங்குமம்" என்று வாய் சொல்லும்போதே இது நான் வைத்த இடம் இல்லையே என்று மனசு சொல்லிவிட்டது கண்ணு. அத்தனை பேர் முன்னால் வாயிலிருந்து வந்ததை எடுத்து விழுங்கத் தெரியவில்லை. பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். கிரேனைச் சோதிக்க வழக்கமாக வரும் ஆள் வந்து, கீழே நின்றே அண்ணாந்து பார்த்து, காபி குடித்துவிட்டுச் சர்டிபிகேட் கொடுத்துப் போனார்.

அதற்கப்புறம் ஒரு விஷயம் நடந்தது. நீ போன அடுத்த வாரம் தரையில் மஞ்சள் பெயிண்ட்டால் நீளமாகக் கோடு போட்டிருந்தார்கள். கிரேன் சுமையோடு போகிற வழி பூராவும், இரண்டு பக்கமும். யாரைக் கேட்டு வீணாக்கினீர்கள் என்று சத்தம் போட்டேன். மாமா, "சும்மா ஒரு ஒழுங்குக்குங்க அக்கா" என்றான். ஆட்கள் எல்லோரும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் மணல் குவியலைச் சுற்றிப் போனார்கள். எனக்கு ஆபீஸ் ரூமுக்கு நேர்வழி கோட்டுக்குள்ளேதான். "அம்மா, சுத்தி வாங்கம்மா" என்று பட்டன் பிடிப்பவர் கூப்பிடுவார். "என் பட்டறைல நான் நடக்கறதுக்கு உன்னைக் கேக்கணுமா?" என்று நேரே நடப்பேன். தலைக்கு மேலே பெட்டி தொங்கும்போதும் நடந்திருக்கிறேன். அத்தனை வீம்பு.

தை மாதம் நீ மேட்டுப்பாளையம்வரைக்கும் வேலையாக வந்து, வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனாய். அந்த ஊரிலிருந்து பாக்கு வியாபாரம் செய்யும் நம் சொந்தக்காரர் உன்னைப் பார்த்ததாகச் சொன்னபோது, தெரிந்ததைப் போல, "ஆமா, அவனுக்கு லீவு இல்ல" என்றேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சங்கிலி மாற்றக் கொக்கியை இறக்கியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. போய்ப் பார்த்தேன். புதுப் பெயிண்ட்டின் மேல், அதே உள்வளைவில், அதே செம்பழுப்புக் கோடு. நான் முதுகில் வைத்த குங்குமம் என்றைக்கோ காய்ந்து உதிர்ந்து சந்தனத் தடம்தான் மிச்சம். இது மட்டும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தொட்டு முகர்ந்தேன். வெறும் இரும்பு வாசனை. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. லாரிக்காரர் வாசலில் நிற்கிறார், இந்த ஒரு லோடு போகட்டும் என்று விட்டேன். அந்த லோடு போனது, அடுத்ததும் போனது. உனக்கு முன்னால் வீம்பு பிடித்ததையாவது கோபத்தில் செய்ததென்று சொல்லலாம். இதைக் கோபமே இல்லாமல், தெளிவாகத் தெரிந்துகொண்டே செய்தேன். உன்னிடம் மன்னிப்பு கேட்பதென்றால் முதலில் இதற்குத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது லோடு ஏறும்போது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சங்கிலி கிரீச்சிடும்போதெல்லாம் கண் அந்த உள்வளைவுக்கே போனது. நிறுத்துங்கள் என்று கத்திவிட்டேன். உனக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. வேறு கம்பெனியில் விசாரித்து ஆள் அனுப்பச் சொன்னேன். ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். காபி வேண்டாம், முதலில் வேலை என்றாள். பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தடவிக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் வந்துகொண்டே இருந்தது. ஒரு சில்வர், அதற்குக் கீழே ஒரு சில்வர், அதற்கும் கீழே ஒன்று. ஒவ்வோர் ஆயுத பூஜையும் ஒரு தோலாக உரிந்தது. அடித் தோல்கள் உன் அப்பா கையால் அடித்தவை. தாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு சிவப்புச் சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தாள். "விரிசல் இருந்துச்சுன்னா உள்ள போன சாயம் வெளிய வருமுங்க" என்றாள். வெள்ளையின் மேல் மெதுவாக ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. நீ விரல் வைத்த அதே இடம்.

"இதைச் சும்மா கழட்டி வெக்காதீங்கம்மா. யாராச்சும் எடுத்து மறுபடி மாட்டிருவாங்க. ஒடச்சுப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா அதை வைஸ் இடுக்கியில் கவ்வ வைத்துச் சம்மட்டியால் அடித்தான். பெரிய அடிகூட இல்லை, சட்டென்று போய்விட்டது. உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஏறக்குறைய முழுக்கக் கறுத்து, பழந்துருவாக இருந்தது. ஓரத்தில் மட்டும் என் சுண்டுவிரல் அகலத்துக்குப் புது இரும்பு பளபளத்தது. அவ்வளவுதான் மிச்சம். அத்தனை மாதமும் அத்தனை பெட்டிகளையும் அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. உன் மாமா அந்தக் கொக்கிக்கு அடியில் நின்று சங்கிலி மாட்டுவானே, அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் சம்சாரத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே ஓடியது. எனக்குத் தட்டைப் பிடித்துக் கொடுத்தவன் அவன். நீ கிளம்புகிறாய் என்று தெரிந்த பிறகு அடக்கி வைக்க முடியவில்லை. இன்று காலை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது நான் பொட்டு வைத்த இடமில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "அதுக்கடியில உன்னை நிக்க உட்டுட்டனே" என்று அழுதேன். அவன் என்னையே பார்த்தான். "நான் எங்கீங்க அக்கா நின்னேன்?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன்தான் சொன்னான். "அன்னைக்கு மாப்பிள்ளை வாசல்ல என்னைக் கூப்புட்டு, 'மாமா, அம்மாவ இப்ப மாத்த முடியாதுங்க. சங்கிலி மாட்டுனதும் வெலகிருங்க, கொக்கிக்கு அடில ஒருத்தரையும் உடாதீங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தான் போனானுங்க. அந்த மஞ்சக் கோடு அவன் சொல்லித்தான் போட்டது. எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன். ஒருத்தரும் தாண்ட மாட்டாங்க." பிறகு, "உங்களைத்தானுங்க அக்கா எங்களால நிறுத்த முடியல. கிரேனையும் நிறுத்தச் சொல்லியிருக்கோணும், எனக்குத் தைரியம் வரல" என்றான்.

எனக்கு எதிரில் என் பக்கம் பேசியவன், என் முதுகுக்குப் பின்னால் உன்னைத்தான் நம்பியிருக்கிறான். ஷெட்டில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். நம்பாதவள் உன்னைப் பெற்றவள் ஒருத்திதான். நான் மாமாவுக்காகப் பயந்து அழுகிறேன், அந்தக் கொக்கிக்கு அடியில் நாள் தவறாமல் நடந்தது நான். உனக்கு அது தெரிந்திருக்கிறது. வாரா வாரம் மாமாவுக்குப் போன் போட்டு முதல் கேள்வியாக, "அம்மா சுத்திப் போறாங்களாங்க?" என்று கேட்பாயாம். என்னோடு பேசாமல் இருந்த அத்தனை மாதமும் கேட்டிருக்கிறாய். நீ வீட்டை மறந்துவிட்டாய் என்று நான் ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாவி.

நீ போகிற இடத்தில் நம் கிரேனைப்போல் பத்து மடங்கு தூக்குகிற கிரேன்கள் இருக்கும். அங்கேயும் என்னைப்போல் ஒருத்தர் இருப்பார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்பார். அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது, உடைகிற நாள்வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். அவரிடம் கோபப்படாதே. அந்தப் பெயிண்ட்டை யாராவது ஆசையாக அடித்திருப்பார்கள். நன்றாக அடித்திருக்கிறீர்கள் என்று முதலில் ஒரு வார்த்தை சொல். முடிந்தால் நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல். அன்று என்னை ஓரமாக அழைத்துப் போயிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், எனக்கே சந்தேகம்தான். இருந்தாலும் உன் பக்கம் அந்த ஒரு குறையைச் சொல்லாவிட்டால் நான் உன் அம்மா இல்லை. ஆனால் என்ன பேசினாலும் யார் அழுதாலும் சுரண்டிப் பார்க்காமல் மட்டும் திரும்பி வராதே.

புதுக் கொக்கி மாட்டியாகிவிட்டது. அந்தப் பெண்ணே வந்து எடை ஏற்றிச் சோதித்து, சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டாள். அதனால் வேலைக்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. நீ வருகிற அன்று ஆட்களை எல்லாம் நிற்கவைத்து, அன்று கத்திய அதே இடத்தில், இவன் சொன்னது சரி, நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அத்தையையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ வராவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், நீ இருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். இனி கொக்கியில் பெயிண்ட் இல்லை. பொட்டைக் கிரேன் தூணில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், நீ சம்மதித்தால்.

இன்னொன்று. அம்மா சுற்றிப் போகிறாளா என்று நீ கேட்டபோதெல்லாம், "போறாங்க மாப்பிள்ளை, கவலைப்படாதீங்க" என்று உன் மாமா சொன்னானாம். நீ நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்ன பொய். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. இன்று சாயங்காலம் ஆபீஸ் ரூமிலிருந்து வெளியே வரும்போது கோட்டின் ஓரத்தில் நின்றேன். கொக்கி புதிது, கிரேனில் சுமைகூட இல்லை. இருந்தாலும் மணல் குவியலைச் சுற்றித்தான் போனேன் கண்ணு. இந்த வாரம் நீ கேட்டால் உன் மாமா பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மா